நாற்றம் என்னும் நல்ல சொல்

(பழைய மாணவர் ஒருவர், பயிற்றப்பட்ட தமிழாசிரியர், கித்துல்கல)

தமிழ் கற்பிப்போர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வகுப்பறையில் எதிர்கொள்ளும் சிரிப்பொன்று உண்டு. பழைய இலக்கியப் பாடம் நடந்துகொண்டிருக்கும். ‘நாற்றம்’ என்னும் சொல் வரும். பின்வரிசையில் இருப்போர் மூக்கைப் பொத்திக்கொள்வர். மலருக்கும் நாற்றமா என்று ஒருவன் வினவுவான். பண்டைத் தமிழில் நாற்றம் என்பது மணத்தையே குறித்தது. முல்லையின் மணமும் நாற்றமே, சந்தனத்தின் மணமும் நாற்றமே. கெட்டதைச் சொல்லவேண்டின் ‘தீநாற்றம்’ என்று அடைகொடுத்தே முன்னோர் சொன்னார்கள் என்று விளக்கிய பின்னரே சிரிப்பு அடங்கும்.

அச்சொல் செய்த பிழைதான் யாது? ஆராய்ந்து பார்த்தால் ஒன்றுமில்லை. ‘வாசனை’ வடக்கிலிருந்து வந்து மேடையேறிற்று. ‘மணம்’ திருமண வீட்டிலும் குடிபுகுந்து பெருமை பெற்றது. நாற்றம் மட்டும் சாக்கடைக்குத் தள்ளப்பட்டது. சொல்லில் ஒரு குற்றமும் இல்லாதிருக்க, வழங்குவோரின் மனப்பாங்கே அதனைக் கீழிறக்கியது. சொற்களுக்கு நேரும் இக்கதி மனிதருக்கும் நேர்வதுண்டு. அதுபற்றியே இம்மலரிற் சில பக்கங்கள் எழுத விரும்புகிறேன்.

நம் கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, அதிபர்களின் அருமைபெருமைகளையும் துடுப்பாட்டப் போட்டிகளையும் பிறர் எழுதுவர் என்பதை அறிவேன். எனக்கோ நம் கல்லூரியை நினைக்குந்தோறும் முதலில் வந்து நிற்பன அதன் மணங்களே. காலைப் பிரார்த்தனையின் திருநீறும் கற்பூரமும். வாணிவிழாவன்று அரைத்த சந்தனம். மாலையில் வெளிவாயிலருகே மணலிலே வறுபடும் கச்சான். நூலகத்தின் பழம்புத்தகங்களிலிருந்து எழும் இலேசான இனிய வாடை. அந்தப் புத்தக வாடைக்குக் காரணம் காகிதத்திலுள்ள மரப்பொருள் காலப்போக்கிற் சிதைந்து வனிலாவை ஒத்த ஆவிகளை வெளியிடுவதே என்று பிற்காலத்தில் அறிந்தேன். பாடங்கள் பலவற்றை மறந்துவிட்டேன். கச்சான் வறுத்த மணத்தை மறக்கவில்லை. உங்களுட் பலரும் அப்படியே என்று நம்புகிறேன்.

இப்போது நான் பணிபுரியும் கித்துல்கலவைப் பலர் திரைப்படத்தால் அறிவர். டேவிட் லீன் இயக்கி 1957ஆம் ஆண்டு வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் படம் இங்கே களனி கங்கைக் கரையிற் பிடிக்கப்பட்டது. இக்காலத்து இளைஞர் காற்றடைத்த படகுகளில் அந்நதியின் வேகத்தில் மிதந்து செல்ல இங்கு வருகின்றனர். எனக்கு இது கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டங்களுக்கும் மழைக்காட்டுக்கும் நடுவே, அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் வீதியோரத்தில் அமைந்த ஓர் ஈரமான ஊர். மலையுச்சிக் குளிர் இங்கில்லை. ஆயின் நாட்கணக்கில் விடாது பெய்யும் மழையில் எலும்புக்குள் இறங்கும் ஒரு குளிர் உண்டு. ஊரின் பெயரிலேயே ஒரு மரம் நிற்கிறது. கித்துள் என்னும் பனையினத்து மரமும், கல் என்று பொருள்படும் ‘கல’ என்னும் சிங்களச் சொல்லும் சேர்ந்ததே கித்துல்கல.

சில காலத்துக்கு முன், ஐப்பசி அடைமழையிலே என் பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். இங்குள்ள இறப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டும் தாய்க்குப் பிறந்து, லயத்தில் வளர்ந்து, இப்போது இங்கிலாந்தின் வடபகுதியில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவன். விடுமுறையில் வந்தவன், “சேர், இது உங்களுக்கு” என்று ஒரு சிறு கண்ணாடிக் குப்பியை என் கையில் வைத்தான். அந்நாட்டுக் குளிர்காலத்தில் அணிவதற்கென்றே ஆக்கப்பட்ட வாசனைத் திரவியம் அது. அதன் வணிகப் பெயரை இங்கே எழுதி விளம்பரம் செய்வது என் நோக்கமன்று.

ஆசிரியர் ஓய்வறையில் ஒரு துளி தெளித்தோம். வறுத்த கொட்டைப் பருப்பின் மணம் முதலில் எழுந்தது. அதன் பின்னே சற்றுக் கருகிய சர்க்கரை; பின்னர் வனிலா, கறுவா; எல்லாவற்றிற்கும் அடியிலே மரப்புகை போன்ற ஒரு கனம். அறை உடனே இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிட்டது. விஞ்ஞான ஆசிரியை யன்னலைத் திறந்து, தலைவலிக்கிறது என்றார். கணித ஆசிரியர் கண்ணை மூடி, தீபாவளிக்கு முதல்நாள் தம் அம்மாவின் அடுப்படியில் நிற்பது போலிருக்கிறது என்றார். சமய பாட ஆசிரியர், மனிதன்மீது பலகாரம் மணப்பது முறையா என்று வினா எழுப்பினார். இளைய ஆசிரியர் ஒருவர் தம் கைக்குட்டையிலும் ஒரு துளி வாங்கிக்கொண்டார். நடுநிலையில் நின்றவர் எவருமிலர்.

மாணவன் சிரித்தான். அங்கும் இதே வழக்குத்தான் என்றான். முதியோர் இல்லத்திலே ஒரு மூதாட்டி அவன் கையைப் பிடித்து முகர்ந்து, தம் தாய் நத்தார்க் காலத்தில் அப்பம் சுட்ட அடுப்பை நினைத்துக் கண்கலங்கினாராம். உடன் வேலை செய்பவரோ, தயவுசெய்து பணிநேரத்தில் இதைப் பூசி வராதே என்று கேட்டுக்கொண்டாராம். இத்தகைய மணங்களைப் பிரெஞ்சு மொழியில் ‘கூர்மான்’ என்பர். சுவைத்துண்பதில் விருப்புடையவன் என்பது அச்சொல்லின் பொருள். தின்பண்ட மணம் என்று நாம் சொல்லலாம்.

எல்லாத் தீர்ப்புகளிலும் சிறந்ததை வழங்கியவர் அவன் தாயார். அவருக்கும் ஒரு குப்பி கொண்டுவந்திருக்கிறான். முகர்ந்து பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, இதுக்கா காசு குடுத்த? பாணி காய்ச்சின சட்டியக் கழுவாம வச்ச மாதிரியில்ல இருக்கு!” என்றாராம். அதன் விலை அத்தாயின் ஒரு மாதக் கூலியை நெருங்கும் என்பதை அவன் அவரிடம் சொல்லவில்லை.

அந்த அம்மையாரின் மூக்கு சரியாகவே சொல்லிற்று என்பதைக் கித்துள் பாணி காய்ச்சுவதைக் கண்டவர் அறிவர். கித்துள் மரத்தின் பாளையைச் சீவி, காலையும் மாலையும் ஏறி இறங்கிப் பதநீர் சேர்ப்பார்கள். அது விரைவிற் புளித்துக் கள்ளாகிவிடும். அதனைத் தடுக்க ‘ஹல்’ என்னும் மரத்தின் பட்டையை முட்டியில் இடும் வழக்கம் சிங்களக் கிராமத்தவரிடையே உண்டு. வடிகட்டிய பதநீரை விறகடுப்பிற் பலமணி நேரம் காய்ச்சுவர். முதலில் எழுவது வெறும் நீராவி. பின்னர் இனிமை தோன்றும். நிறம் பொன்னிலிருந்து செம்மைக்கும் செம்மையிலிருந்து கருமைக்கும் மாறுகையில், வறுத்த கச்சானையும் புகையையும் கருகிய சர்க்கரையையும் ஒருங்கே நினைவூட்டும் மணமொன்று மழையூடே வீதிவரை வந்து நிற்கும். நூல்பதத்தில் இறக்கினாற் பாணி. மேலும் இறுக்கித் தேங்காய்ச் சிரட்டையில் வார்த்தாற் கருப்பட்டி. வடபுலத்தார் பனங்கட்டி காய்ச்சும் மணத்தை அறிவர். இது அதற்கு உடன்பிறப்பு, சற்றே புகை கூடியது.

இம்மணம் பிறக்கும் முறையை விஞ்ஞானம் விளக்குகிறது. சர்க்கரைப் பொருளும் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் வெப்பத்திற் கூடும்போது நிறமும் மணமும் தோன்றுவதை 1912ஆம் ஆண்டு பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமில் மையார் எடுத்துரைத்தார். பாணின் மேற்றோல், வறுத்த கோப்பி, கச்சான், காய்ச்சிய பாணி யாவற்றின் மணத்துக்கும் அம்மாற்றம் காரணமாகிறது. வறுபட்ட கொட்டையின் மணத்தைத் தருவன பைரசீன் என்னும் சேர்மங்கள். கருகும் சர்க்கரையின் இனிய மணத்துக்குத் துணைசெய்வது மால்ட்டோல். ஆகவே இங்கிலாந்துக் குப்பிக்கும் கித்துல்கல அடுப்புக்கும் உள்ள ஒற்றுமை கற்பனையன்று; இரண்டும் ஒரே குடும்பத்துப் பொருள்களால் ஆனவை.

குளிரிலும் மழையிலும் இத்தகைய மணத்தை மனிதன் நாடுவதும் புதிதன்று. கித்துல்கலவுக்கு அருகே பெலிலேன என்னும் குகை உண்டு. ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு மனிதர் வாழ்ந்தனர் என்பதைத் தொல்லியல் ஆய்வு காட்டியுள்ளது. சிங்களத்திற் கெக்குண எனப்படும் காட்டுக்கொட்டையும் காட்டு ஈரப்பலாவும் அவர்களுக்கு உணவாயிருந்தமைக்கு அங்கே எச்சங்கள் கிடைத்தன. வெளியே மழை, உள்ளே நெருப்பு, நெருப்பருகே கொட்டை. மாணவரை அக்குகைக்கு அழைத்துச் செல்லும்போது இதனை நான் சொல்லத் தவறுவதில்லை. கொட்டை சுடும் மணம் மனிதனுக்கு வீட்டு மணமாவதற்கு முன், அவனுக்கு வீடென்று ஒன்று இருந்ததில்லை.

தமிழாசிரியன் இங்கே நம் இலக்கியத்தை நாடாமல் இருக்க முடியாது. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, நக்கீரர் பாடியது. கூதிர்க்காலத்து வாடையையும் மழையையும் விரித்துரைப்பது. மாடமாளிகைகளில் அக்குளிர்நாளில் என்ன நிகழ்ந்தது என்பதை நக்கீரர் கூர்ந்து கவனித்திருக்கிறார். சந்தனம் அரைக்கும் கல் பயனின்றிக் கிடக்கிறது. குளிர்ச்சி தரும் சந்தனத்தை எவரும் விரும்பவில்லை. மகளிர் கூந்தலில் மலரையும் மிகுதியாகச் சூடவில்லை. அதற்குப் பதிலாக நெருப்பமைத்து, அதில் அகிற்கட்டையோடு ‘அயிர்’ என்னும் பொருளையும் இட்டுப் புகைத்து அம்மணத்தைக் கூந்தலுக்கு ஊட்டுகின்றனர். அயிர் என்பது யாது? உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கண்டசருக்கரை என்று பொருள் காண்கிறார்.

அன்பர்கள் இதனைச் சற்று நின்று நினைத்தல் வேண்டும். கருகும் சர்க்கரையும் கனத்த மரப்புகையும் கலந்த ஒரு நறுமணம். அதுவும் குளிர்காலத்துக்கே உரியது. மேலைநாட்டார் இன்று குப்பியில் அடைத்து விற்கும் கருத்தை, வாடைக்காலத்துத் தமிழ்மகளிர் தம் கூந்தலில் ஏற்கெனவே அணிந்திருந்தார்கள். அகில் நமக்கு அயலான பொருளுமன்று. நம் சப்பிரகமுவக் காடுகளில் வளரும் வல்லப்பட்ட என்னும் மரம் அகிலின் உறவுமரம். அதன் வயிரத்திலும் அத்தகைய நறும்பிசின் ஊறுகிறது. அதனைக் களவாக நாடு கடத்த முயன்றோர் கட்டுநாயக்க விமான நிலையத்திற் பிடிபட்ட செய்திகளைப் பத்திரிகைகளிற் பலமுறை படித்திருக்கிறோம்.

வெப்பத்துக்குக் குளிர்ந்த மணம், குளிருக்கு வெம்மையான மணம் என்னும் இவ்வொழுங்கு பாரதநாடு முழுவதிலும் உண்டு. அத்தருக்குப் பெயர்பெற்ற வடநாட்டுக் கன்னோசியில் வெட்டிவேர், உரோசா, தாழை ஆகியவற்றின் அத்தர்களை வேனிலுக்கு உரியன என்பர். பல மூலிகைகளையும் வாசனைச் சரக்குகளையும் சேர்த்து வடிக்கும் ‘சமாமா’ என்னும் அத்தரைக் குளிர்காலத்துக்கு உரியது என்பர். உடலைச் சூடாக்கும் என்னும் நம்பிக்கை எவ்வாறாயினும், இதில் ஒரு நடைமுறை அறிவும் உண்டு. வெப்பத்தில் வாசனைப் பொருள்கள் விரைந்து ஆவியாகும். கனத்த இனிப்பு மணம் அப்போது ஒரே வீச்சில் எழுந்து மூச்சை முட்டும். குளிரிலோ அது மெல்ல மெல்ல வெளிப்பட்டு இதமாக நிற்கும். எனவே கொழும்புப் பேருந்தில் நண்பகலில் வெறுக்கப்படும் ஒரு மணம், மழைநாள் மாலையிலே விரும்பப்படலாம். ஒரே பொருள், காலமும் இடமுமே வேறு.

மேலைநாட்டார் இவ்வழிக்கு வந்தது ஆய்வுகூடத்தின் வழியாக. 1868இல் ஆங்கில இரசாயனவியலாளர் வில்லியம் ஹென்றி பேர்க்கின், தொங்கா என்னும் தென்னமெரிக்க விதையின் மணப்பொருளாகிய கூமரினைச் செயற்கையாக ஆக்கினார். வாதுமையையும் வைக்கோலையும் வனிலாவையும் ஒருங்கே நினைவூட்டும் பொருள் அது. 1874இல் ஜெர்மானியர்களாகிய தீமானும் ஹார்மானும் ஊசியிலை மரத்திலிருந்து பெற்ற பொருளைக்கொண்டு வனிலின் ஆக்கினர். 1882இல் கூமரினையும், 1889இல் வனிலினையும் சேர்த்துப் பாரிசு நகரத்து வாசனைக் கலைஞர்கள் புதிய கலவைகளை வெளியிட்டனர். கெர்லான் நிறுவனத்தின் ‘ஜிக்கி’ வெளிவந்த அந்த 1889ஆம் ஆண்டிலேதான், டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றினார். ஒரே ஆண்டில் பாரிசிலே இனிப்பு மணம் குப்பியில் ஏறியது. சென்னையிலே கண்டசருக்கரைப் புகையின் செய்தி ஏட்டிலிருந்து அச்சில் ஏறியது.

தின்பண்ட மணத்தை ஒரு தனிவகையாக நிலைநிறுத்தியது 1992இல் வெளிவந்த ‘ஏஞ்சல்’ என்னும் திரவியம். தியேரி முக்லேரின் பெயரில் ஒலிவியே கிறெஸ்ப் என்பவர் அதை ஆக்கினார். மால்ட்டோலினும் பன்மடங்கு வலிமையுள்ள எதில் மால்ட்டோல் என்னும் செயற்கைப் பொருளையும், அதன் இனிப்பைத் தாங்கப் பச்சௌலி என்னும் இலையின் எண்ணெயையும் தாராளமாகச் சேர்த்தார். விரும்பினோர் ஆண்டுக்கணக்கில் அதையே அணிந்தனர். வெறுத்தோர் அது வரும் வழியிலும் நிற்க மறுத்தனர். பச்சௌலி என்னும் பெயருக்கு ஆங்கில அகராதிகள் தமிழையே மூலமாகக் காட்டுகின்றன. இந்தியச் சால்வைகளைப் பூச்சி அரிக்காதிருக்க அவ்விலையை இடையிட்டுக் கப்பலேற்றியதால், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அம்மணம் மெய்யான கீழைநாட்டுச் சால்வைக்கு அடையாளமாயிற்று. பூச்சிக்காக வைத்த இலை, சீமாட்டிகளின் மதிப்புக்குரிய மணமான கதை இது.

ஒரே மணத்தை ஒருவர் விரும்ப, மற்றவர் வெறுப்பது ஏன்? முதற்காரணம் மூக்கே. மணத்தை உணரும் ஏற்பிகளுக்குரிய மரபணுக் குடும்பத்தை 1991இல் லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் என்னும் இருவர் கண்டறிந்தனர். 2004இல் அதற்காக நோபெல் பரிசு பெற்றனர். மனிதரிடம் இவ்வேற்பிகள் ஏறத்தாழ 400 வகை உள்ளன. அவை ஆளுக்காள் சற்றே வேறுபடுகின்றன. எனவே விஞ்ஞான ஆசிரியை முகர்ந்ததும் கணித ஆசிரியர் முகர்ந்ததும் முற்றும் ஒன்றல்ல. இரண்டாவது காரணம் நினைவு. மூக்கின் செய்தி, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய மூளைப்பகுதிகளை மற்றைப் புலன்களினும் நேராகச் சென்றடைகிறது. அப்பம் சுட்ட தாயை ஒருவர் காண்கிறார். கழுவாத சட்டியை மற்றவர் காண்கிறார்.

இவ்விரண்டும் இயற்கை. இவற்றில் எவர்மீதும் குறையில்லை. மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு. அது மனிதர் ஆக்கியது. மணத்தைச் சுமந்து வருபவன் யார் என்பதைப் பார்த்து மூக்குச் சுளிப்பது அது.

குப்பி கொண்டுவந்த மாணவனின் கதைக்கு மீள்வோம். இறப்பர்ப் பாலில் அமிலம் சேர்த்து உறையவைத்து, தகடாக உருட்டி, புகைக்கூடத்தில் விறகுப்புகையில் உலர்த்துவர். பால் காய்ந்தும் புளித்தும் பிறக்கும் வாடை கையிலும் துணியிலும் ஒட்டிக்கொள்ளும். சவர்க்காரத்துக்கு எளிதில் அடங்காது. ஒட்டுப்பால் சேர்க்கும் வீட்டுப் பிள்ளைகளின் சீருடையிலும் அது இருக்கும். மழைக்காலத்தில் லயத்தின் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியிற் சீருடையை உலர்த்துவர். ஆகவே புகைவாடையும் சேரும். அவன் தாய் ஓய்வுநாட்களில் அயற்கிராமத்துச் சிங்கள வீடொன்றிற் பாணி காய்ச்ச உதவி, கூலியோடு இரண்டு சிரட்டைக் கருப்பட்டியும் பெற்று வருவார். அவ்வீட்டு முதியவள் அச்சிறுவனையும் அடுப்பருகே உட்காரவைத்துச் சட்டியில் ஒட்டியதை வழித்துக் கொடுப்பாளாம். இனிப்பு, புகை, இறப்பர் என்னும் மூன்றும் சேர்ந்ததே அவனுடைய பிள்ளைப்பருவ மணம்.

எம்மிடம் சாதாரணதரம் படித்து நற்பெறுபேறு பெற்று, உயர்தரத்துக்கு அவன் ஒரு நகரப் பாடசாலைக்குச் சென்றான். அங்கே முதல் வாரத்திலேயே அவனருகில் இருந்தவன் இடம் மாறினான். பின்னர் மற்றொருவன் மாறினான். எவரும் வெளிப்படையாக ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பாசிரியர் ஒருநாள், காற்றோட்டமாக இருக்கும் என்று கூறி அவனைப் பின்வரிசை யன்னலோரம் அமர்த்தினார். பேருந்திலும் அவனருகே இருக்கை வெறுமையாயிருக்க, சிலர் நின்றே பயணஞ் செய்வராம். அவன் அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஓடைநீரில் இருமுறை குளிக்கலானான். அம்மாவோடு பாணி காய்ச்சும் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டான். கருப்பட்டி உண்பதையும் நிறுத்திவிட்டான். “சேர், எனக்கு என்ர அம்மாவே நாறுறமாதிரி இருந்திச்சு. அதுதான் பெரிய வேதனை” என்று அன்று மழையிலே என் வீட்டு விறாந்தையில் இருந்து சொன்னான்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின், அந்நியநாட்டுக் கடையொன்றில், பனிபெய்யும் மாலையில், விற்பனைப் பெண் ஒரு காகிதத் துண்டைத் தெளித்து அவனிடம் நீட்டினாள். முகர்ந்தான். அவ்விடத்தை விட்டு அகல அவனால் இயலவில்லை. அப்பெண், இது மிக உயர்ந்த இரசனை உடையவர்கள் அணிவது என்றாளாம். நகரப் பாடசாலையில் எதற்காகத் தன்னைப் பின்வரிசையில் இருத்தினார்களோ அதற்கு நெருங்கிய ஒன்றை, இறப்பர் வாடை மட்டும் நீங்க, வெல்வெட்டுப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள் என்பது அவனுக்குப் புரிந்தது. வாங்கினான், தனக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று, எனக்கு ஒன்று.

தாய் அதனைப் பூசவில்லை. ஆயினும் அவர் சிரித்த சிரிப்பிலே தனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியதாகச் சொன்னான். மறுநாள் தாயும் மகனும் அந்தச் சிங்கள வீட்டுக்குச் சென்றனர். முதியவள் இல்லை, அவளுடைய மருமகள் பாணி காய்ச்சிக்கொண்டிருந்தாள். இருவரும் மாலைவரை அடுப்பருகே இருந்துவிட்டு வந்தார்களாம்.

இக்கதையிலிருந்து நான் கொள்ளும் கருத்து இதுவே. ஒரு மணத்தை விரும்பாமல் இருக்க எவருக்கும் உரிமையுண்டு. விஞ்ஞான ஆசிரியை யன்னலைத் திறந்தது பிழையன்று. தலைவலிப்பவர் அருகே ஒருவர் வாசனையை அள்ளிப் பூசிவருவதுதான் முறையன்று. இத்தகைய கனத்த திரவியங்களை ஒரு துளிக்கு மேல் அணியாதிருத்தல் பிறர்க்குச் செய்யும் மரியாதை. ஆயின், மணத்தை வெறுப்பது வேறு. அம்மணத்தை உடையவனை வெறுப்பது வேறு. முன்னதை மூக்கு தீர்மானிக்கிறது. பின்னதை நம் உள்ளத்தில் ஊறிய மேல்கீழ் என்னும் எண்ணம் தீர்மானித்துவிட்டு, பழியை மூக்கின்மேற் போடுகிறது. மூக்கு உண்மையிலேயே நீதிபதியாயிருந்தால், லயத்துச் சிறுவனிடம் வெறுத்ததைச் சீமைக் குப்பியிலும் வெறுத்திருக்க வேண்டுமன்றோ?

சாதியும் தொழிலும் பற்றிய இழிவுகள் பலவற்றை நம் சமுதாயம் சட்டத்தாலும் மேடைப்பேச்சாலும் கண்டித்துள்ளது. வாடையால் விலக்குதல் மட்டும் வாய்திறவாமல் நடப்பதால் எவர் கண்ணிலும் படுவதில்லை. மீன் விற்பவளின் கூடை, சுருட்டுக் கொட்டிலின் புகையிலை, எண்ணெய்ச் செக்கின் பிண்ணாக்கு, தோல் பதனிடுவோனின் சுண்ணாம்பு, இறப்பர்த் தொழிலாளியின் கை என ஒவ்வோர் உழைப்புக்கும் ஒரு வாடை உண்டு. அவ்வாடையே நம் வீட்டுக்குச் சோறாகவும் விளக்காகவும் செருப்பாகவும் வருகிறது. உண்ணும்போது அதனை ஏற்றுக்கொண்டு, பேருந்தில் அருகே வந்து நிற்கும்போது முகந் திருப்புதல் அறமாகாது.

என் பாடசாலையில் இதனைச் சொற்பொழிவாகச் சொல்வதில்லை. ஆண்டுதோறும் எட்டாந் தர வகுப்புக்கு ‘எங்கள் வீட்டு மணம்’ என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதக் கொடுக்கிறேன். முதலில் எல்லாரும் மல்லிகை என்றும் சந்தனம் என்றும் எழுதுவர். புத்தகத்தில் உள்ள மணங்கள் அவை. மெய்யானதை எழுதுங்கள் என்று திருப்பிக் கொடுப்பேன். இரண்டாம் முறை வரும் கட்டுரைகளில் இறப்பர் இருக்கும், மண்ணெண்ணெய் இருக்கும், அப்பாவின் மழையங்கி, தம்பியின் தைலம், ரொட்டி சுடும் கல் இருக்கும். அவற்றிலே எழுத்துப்பிழைகள் மிகுதி. ஆயினும் அவையே நல்ல தமிழ். சென்ற ஆண்டு ஒரு சிறுமி, இருட்டிலும் தன் அம்மா வருவதைத் தான் இறப்பர் வாடையால் அறிந்துகொள்வதாகவும், அது வந்தவுடன் பயம் போய்விடுவதாகவும் எழுதியிருந்தாள். அக்கட்டுரையை வகுப்பில் உரக்க வாசித்தேன். எவரும் மூக்கைப் பொத்தவில்லை.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர்களே, உங்களுட் பலர் இன்று அதிபர்களாகவும் மருத்துவர்களாகவும் அலுவலகத் தலைவர்களாகவும் விளங்குகிறீர்கள். உங்கள் வாயிலுக்கு நாளை ஒரு மலையகத்து இளைஞன் வேலை கேட்டோ இடம் கேட்டோ வரக்கூடும். மழையில் நனைந்த அவன் சட்டையில் அடுப்புப்புகை இருக்கக்கூடும். இப்போது கல்லூரியிற் பயிலும் தம்பிமாரே, உங்கள் வகுப்பிலும் அத்தகைய ஒருவன் வந்து சேரலாம். அவனருகே உள்ள இருக்கை வெறுமையாயிருக்கலாம். வாசலிலே கச்சான் வாங்கிக்கொண்டு சென்று அவ்விருக்கையில் அமர்ந்து அவனுக்கும் பாதி கொடுங்கள்.